யாருங்க பாடறது?

மூன்று வாரம் மெனக்கெட்டுப் பதிவு செய்த பாட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நான்கு பேருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். முதல் பதில் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. "பாட்டு நல்லா இருக்குதுங்க சார். ஆனா யாருங்க பாடறது?"

பாடியது நான். அது அவருக்கும் தெரியும். கிட்டாரும் கீபோர்டும் போட்ட சத்தத்தில் என் குரல் எங்கோ கொல்லைப்புறத்தில் கிடக்கிறது என்பதைத்தான் கொங்கு மரியாதையோடு சொல்லியிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. ஹெட்போனை மாட்டித் திரும்பக் கேட்டேன். ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகத்தான் இருந்தது. மனைவியைக் கூப்பிட்டு, "ரெண்டாவது சரணத்துல என்ன பாடறேன், சொல்லு" என்றேன். "ஏதோ மழைன்னு வருது" என்றாள். அந்தச் சரணத்தில் மழையே கிடையாது.

எழுதியவன் நான், வரிகள் மனப்பாடம். காதில் பாதி விழுந்தாலும் மீதியை மூளை தானாகப் போட்டு நிரப்பிக்கொள்கிறது. புதிதாகக் கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. வீட்டில் உட்கார்ந்து பாட்டுப் பதிகிற ஒருவருக்கு மைக்குக்கு அடுத்தபடி தேவைப்படுவது இன்னொருவருடைய காது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

நான் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். கிட்டார் வாசிப்பேன், பாட்டெழுதுவேன், சுமாராகப் பாடுவேன். எங்கள் கூட்டத்தில் மொத்தம் ஐந்து பேர். கோயம்புத்தூரில் ஒரு நர்ஸ், திருநெல்வேலியில் கீபோர்டு வாசிக்கிற ஒரு தையற்கடைக்காரர், யாழ்ப்பாணத்தில் ஒரு மிருதங்கக்காரர், சென்னையில் பேஸ் கிட்டார் வாசிக்கிற ஒரு பையன். ஐவரும் ஒரே இடத்தில் கூடியதே இல்லை. அவரவர் வீட்டில் அவரவர் பங்கைப் பதிந்து அனுப்புவார்கள். பாட்டு யாருடையதோ அவர் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்ப்பார். எது முன்னால், எது பின்னால், எது இடது காதில், எது வலது காதில் என்று பந்தியில் ஆள் உட்கார வைப்பதுபோல் உட்கார வைக்கிற இந்த வேலைக்குத்தான் மிக்ஸிங் என்று பெயர்.

வீட்டில் பதிவதொன்றும் புதிதில்லை. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூஜெர்சியில் தன் வீட்டு அறையில் நான்கு டிராக் கேசட் ரெக்கார்டரில் மாதிரிக்காகப் பதிந்த பாட்டுகளே 1982இல் 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக வந்தன. 'ரோஜா'வின் இசை பிறந்த பஞ்சதன் ஸ்டுடியோவும் ஏ.ஆர்.ரகுமானின் கோடம்பாக்கம் வீட்டை ஒட்டி அமைந்ததுதான். ஆனால் ரகுமானின் பக்கத்தில் எச்.ஸ்ரீதர் என்ற அபாரமான ஒலிப்பதிவாளர் இருந்தார். எங்களுக்கு ஸ்ரீதர் இல்லை. அதனால் ஆளுக்குக் கால்வாசி ஸ்ரீதராக இருக்கப் பார்க்கிறோம்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கண்டென்சர் மைக், அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஒரு சின்ன இன்டர்ஃபேஸ் பெட்டி, ஒரு ஹெட்போன். மென்பொருள் ரீப்பர். பிரவுசிங் சென்டர் காலத்தில் நாமெல்லாம் பாட்டுக் கேட்ட வினாம்ப்பை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கல்தான் இதையும் உருவாக்கியவர். 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம், பிறகு சலுகை உரிமத்துக்கு 60 டாலர். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஒட்டாதீர்கள். அந்த மெல்லிய அட்டை வெளிச் சத்தத்தையும் தடுக்காது, உள்ளே எதிரொலிக்கிற கனத்த சத்தத்தையும் உறிஞ்சாது. நான் பீரோவின் இரண்டு கதவையும் திறந்து வைத்து, மனைவியின் புடவைகளைப் பார்த்தபடி பாடுகிறேன். முதுகுக்குப் பின்னால் ஒரு இலவம்பஞ்சு மெத்தை நிற்கும்.

குரல் விஷயத்துக்கு வருகிறேன். என் முதல் வைத்தியம் குரலைத் தூக்கி வைத்தது. அப்போது குரல் தனியாகத் துருத்திக்கொண்டு, கரோக்கி மாதிரி ஆகிவிட்டது. வழி சொன்னவர் திருநெல்வேலிக்காரர். "அண்ணாச்சி, குரல விடுங்க. கிட்டார கொஞ்சம் ஒதுங்கி நிக்கச் சொல்லுங்க." நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பது ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. ஒரு வார்த்தையை இன்ன வார்த்தை என்று காட்டுகிற மெய்யெழுத்துகளின் வெட்டும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. கிட்டாரைத் தட்டி வாசிக்கும்போது எழும் சரசரப்பும் அதே இடத்தில் வந்து உட்காருகிறது. ஈக்வலைசரில் கிட்டாரை 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் மட்டும் மூன்று டெசிபல் குறைத்தேன். குரலைத் தொடவே இல்லை. மறுபடி மனைவியைக் கூப்பிட்டேன். சரணத்தை வரி வரியாகச் சொன்னாள், ஒரு வரி நன்றாக இல்லை என்றும் சொன்னாள்.

அடுத்த அடி பேஸில் விழுந்தது. என் அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கிற சுவர்களுக்குச் சரி நடுவில் மேசை போட்டு, ஸ்பீக்கரில் கேட்டு மிக்ஸ் செய்தேன். பேஸ் கிட்டார் போதவில்லை என்று ஏற்றினேன், இன்னும் ஏற்றினேன். திருநெல்வேலிக்காரர் அதைத் தன் காரில் போட்டிருக்கிறார். "அண்ணாச்சி, கதவெல்லாம் அதிருதுல்லா!"

இது என் பாடம் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. பத்தடி என்பது 3.05 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஓர் அலையின் சரிபாதி பொருந்துகிற அதிர்வெண் ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸ். அந்த அலையின் அழுத்தம் சுவரோரம் உச்சத்தில் இருக்கும், அறையின் நடுவில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. பேஸ் கிட்டாரின் 'ஏ' தந்தியை வெறுமனே மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். என் பாட்டின் ஆதார சுருதியும் 'ஏ'. ஆக, பேஸின் ஷட்ஜம் போய் ஒளிந்துகொள்கிற இடமாகப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்! நாற்காலியை மூன்றடி நகர்த்தியதும் பேஸ் திரும்பி வந்தது. இது புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். கார்க் கதவு அதிரவில்லை என்றால் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்கமாட்டேன்.

யாழ்ப்பாணத்து அண்ணனின் வருத்தம் வேறு. "தம்பி, என்ர தொப்பி எங்க போட்டுது? வலந்தலை மட்டும்தான் கேக்குது." அவர் கேட்டது செல்போன் ஸ்பீக்கரில். கைநகம் அளவு ஸ்பீக்கரால் மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியின் கனத்த நாதத்தைத் தர முடியாது. ஹெட்போனில் கேளுங்கள் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் நம் பாட்டைக் கேட்கப் போகிற ஜனம் செல்போனில்தானே கேட்கும்? தொப்பியின் அடிநாதத்துக்கு மேலே அதன் மடங்குகளாக வருகிற மெல்லிய நாதங்களைக் கொஞ்சம் தூக்கி வைத்தேன். அடிநாதம் வராவிட்டாலும், மேலே உள்ளவற்றைக் கேட்டு மூளை அதை ஊகித்துக்கொள்ளும். "இப்ப இருக்குது" என்று பதில் வந்தது. அவ்வளவுதான், பாராட்டெல்லாம் கிடையாது.

இப்படி இரண்டு வருஷம் போனதில் எங்களுக்கென்று ஒரு அகராதி உருவாகிவிட்டது. 'கொழகொழன்னு இருக்கு' என்றால் 200, 300 ஹெர்ட்ஸ் பக்கம் எல்லாரும் முண்டுகிறார்கள். 'டப்பாக்குள்ள பாடற மாதிரி' என்றால் அதற்குச் சற்று மேலே, 500 வாக்கில். 'மூக்கால பாடற மாதிரி' என்றால் ஆயிரத்துக்குப் பக்கம். 'பல்லு கூசுது' என்றால் ச, ஸ சீறுகிறது, 6,000க்கு மேலே பார்க்க வேண்டும். கூடவே நிமிஷமும் நொடியும் சொல்ல வேண்டும்: "1:42, பல்லு கூசுது." 'சூப்பர்' என்று மட்டும் யாராவது எழுதினால், அவர் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்கிறோம்.

நம் காதை நம்பாதே என்பதற்குத் திருநெல்வேலிக்காரர் செய்த குறும்பு ஒன்றே போதும். "புது மிக்ஸ், எப்படி இருக்கு?" என்று அனுப்பினார். குரலில் உயிர் வந்திருக்கிறது, பேஸ் நிறைந்திருக்கிறது என்று நாங்கள் நால்வரும் புகழ்ந்து தள்ளினோம். பழைய மிக்ஸையே இரண்டு டெசிபல் ஏற்றி அனுப்பியிருக்கிறார். சத்தம் குறைந்தால் கனத்த நாதங்கள் மற்றதைவிட வேகமாகக் காதிலிருந்து நழுவும் என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். சத்தம் கூடினால் அவை திரும்பி வரும், பாட்டே மேலானதுபோல் தோன்றும். அதற்கப்புறம் பழையதையும் புதியதையும் ஒரே அளவுக்குச் சத்தம் இறக்கி வைத்த பிறகுதான் ஒப்பிடுகிறோம்.

சொன்னதையெல்லாம் செய்தாலும் ஆபத்து உண்டு. ஒரு பாட்டில் நால்வர் சொன்ன பதினேழு திருத்தத்தையும் வரிசையாகச் செய்து முடித்தேன். கடைசியில் அது யாருடைய பாட்டாகவும் இல்லை. நர்ஸம்மாதான் பஞ்சாயத்து செய்தார். "வலி எங்கேன்னு நோயாளி சொன்னா நம்பிக்கோணுமுங்க. மாத்திரை எதுன்னு சொன்னா நம்பக்கூடாதுங்க." இப்போது ஒரே இடத்தை இரண்டு பேர் தனித்தனியாகச் சுட்டினால் கட்டாயம் திறந்து பார்க்கிறேன். எப்படிச் சரி செய்வது என்பதை நானே முடிவு செய்கிறேன்.

அப்படியும் ஒரு சண்டை இன்னும் தீரவில்லை. ஐப்பசி அடைமழையில் ஒரு பாட்டைப் பதிந்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் வயல். ஜன்னலைச் சாத்தி, மெத்தையை நிறுத்தி, மின்விசிறியை அணைத்து எல்லாம் செய்தும் ஒரு தவளை உள்ளே வந்துவிட்டது. 2:10, இடது காது. எடுத்துவிடு என்று மூன்று பேர். இருக்கட்டும் என்று யாழ்ப்பாணத்து அண்ணன் மட்டும், அதுவும் அது தாளத்தில் கத்துகிறது என்ற காரணத்துக்காக. இது பதினோராவது மிக்ஸ். தவளை இருக்கிறது.