குளத்துப் பறவைகளைப் பார்க்கப் போகும் விவசாயிகளுக்கு

கும்பப்பூ நடவு முடிந்து, களையும் எடுத்து, மேலுரமும் இட்டுவிட்டால் நாஞ்சில் நாட்டு விவசாயிக்குக் கதிர் வரும் வரை சற்று ஓய்வு கிடைக்கிறது. கார்த்திகை, மார்கழி மாதங்களில் வரும் இந்த ஓய்வு நாட்களில்தான் தேரூர், சுசீந்திரம் குளங்களில் வெளிநாட்டுப் பறவைகளும் வந்து இறங்குகின்றன. அவற்றைப் பார்க்க வெளியூர்களிலிருந்து பைனாகுலரும் கேமராவுமாக ஆட்கள் வந்து கரையில் நிற்கிறார்கள். அதே கரை வழியாக மண்வெட்டியுடன் வயலுக்குப் போகிற உள்ளூர்க்காரர் அவர்களைத்தான் வேடிக்கை பார்க்கிறாரே தவிர, குளத்தைப் பார்ப்பதில்லை. உண்மையில் அந்தக் குளத்தை நின்று பார்க்க வேண்டியவர் அவர்தான். ஏனெனில் குளத்தில் எந்தப் பறவை எங்கே இருக்கிறது என்பதிலிருந்து, குளத்தின் ஆழத்தையும் மண் மேடிட்டிருப்பதையும் பாசி, களைகளின் நிலையையும் ஓரளவு கணித்துவிடலாம்.

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்த தேரூரின் குளம், மனிதர் வெட்டிக் கட்டிய குளமே. பசுங்குளம், பெருங்குளம் என இப்பகுதிக் குளங்களின் பெயர்கள் 9-ஆம் நூற்றாண்டுச் செப்பேடுகளிலேயே காணப்படுகின்றன. இக்குளத்தை நம்பி சுமார் 500 ஹெக்டேர், அதாவது 1,200 ஏக்கருக்கு மேற்பட்ட நெல்வயல் இருக்கிறது. இதனால் பிழைப்பவர்கள் ஏறத்தாழ 10,500 பேர். சுசீந்திரம், தேரூர் குளங்களும் பழையாறு கடலில் கலக்கும் மணக்குடிக் காயலும் சேர்ந்து 2015-ல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. 2022-ல் சுசீந்திரம்–தேரூர் குளங்களும், அதே ஆண்டில் வேம்பனூர் குளமும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. ஈரான் நாட்டு ராம்சார் நகரில் 1971-ல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி, உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளுக்குக் கொடுக்கப்படும் இடம் இது. இப்பகுதியில் சுமார் 250 வகைப் பறவைகள் பதிவாகியுள்ளன. அவற்றில் 53 வகை வலசை வருபவை. மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் தெற்கே வரும் பறவைகளுக்கு இந்தியத் தரையில் இதுவே கடைசி எல்லை.

பறவை பார்க்கும் முறை

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். காலை 6 மணிக்குக் கரையில் இருக்க வேண்டும். 9 மணிக்கு மேல் வெயில் ஏறினால் பறவைகள் ஒதுங்கிவிடும். காலையில் மேற்கு நோக்கியும் மாலையில் கிழக்கு நோக்கியும் பார்க்கும்படி நின்றால் கண் கூசாது, பறவையின் நிறமும் தெளிவாகத் தெரியும். சிவப்பு, வெள்ளைச் சட்டைகளைத் தவிர்ப்பது நல்லது. ஐந்தாறு பேருக்கு மேல் சேர்ந்து போகக்கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப் போவதானால் இரண்டு மூன்று குழுவாகப் பிரித்துக்கொள்ளலாம். வனத்துறைக்கும் முன்கூட்டித் தெரிவித்துவிடலாம்.

பைனாகுலர் வாங்கியே தீரவேண்டும் என்பதில்லை. ஊருக்கு ஒன்று பொதுவில் இருந்தால் போதும். வாங்குவதானால் 8-க்கு 40 என்று குறித்திருப்பதை வாங்கவும். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 40 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். அதற்கு மேல் பெரிதாகக் காட்டுபவை கையில் நடுங்கும். இதைவிட அவசியமானது ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும்தான்.

பெயர் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். எந்தப் பறவை என்பதைவிட, அது நீரில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை முதலில் எழுத வேண்டும். முக்குளிப்பானும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் மூழ்கி இரை தேடுபவை. அவை நடுக்குளத்தில் நிறைய இருந்தால் அங்கே நல்ல ஆழம் இருக்கிறது. கொக்கும் நாரையும் தம் கால் உயரத்துக்கு மேல் தண்ணீரில் இறங்கா. போன வருஷம் முக்குளிப்பான் மூழ்கிய இடத்தில் இந்த வருஷம் கொக்கு நிற்கிறது, மடையில் தண்ணீர் அளவும் அதேதான் என்றால், அந்த இடத்தில் வண்டல் படிந்து மேடாகிவிட்டது என்று பொருள். உள்ளான்களுக்கு விரல் ஆழத் தண்ணீரும் சேறும் வேண்டும். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்ற வலசை வாத்துகளுக்குத் திறந்த நீர்ப்பரப்பு வேண்டும். ஆகாயத்தாமரை குளத்தை மூடிவிட்டால் இவை இறங்குவதில்லை. இறங்காமல் சுற்றிவிட்டுப் போனால் அதையும் எழுதிக்கொள்ளவும். தாமரை இலைமேல் நீண்ட விரல்களை விரித்து நடக்கும் இலைக்கோழிக்குத் தாமரை ஓரளவு வேண்டும். கோரையும் சம்பும் அடர்ந்த ஓரத்தில் நீலத் தாழைக்கோழி கூட்டமாக மேயும்.

தாமரை முழுக் குளத்தையும் மூடுவது பறவைக்கும் ஆகாது, பாசனத்துக்கும் ஆகாது. தாமரைக்குப் பூச்சிமருந்து அடித்தால் அது நேராகக் குளத்து நீரில்தான் கலக்கும். குத்தகை விடும்போதே இந்த இரண்டு விஷயங்களையும் பேசி முடித்துவிட வேண்டும்.

குளத்திலிருந்து வயலுக்கு

குளத்தைப் பார்த்தபின் திரும்பிவிடக்கூடாது. குளத்தில் தங்கும் பறவைகளில் பல இரை தேடுவது சுற்றியுள்ள வயல்களில். உழும்போதும் தொளி அடிக்கும்போதும் டிராக்டர் பின்னாலேயே வரும் உண்ணிக்கொக்கை எல்லோரும் பார்த்திருப்பார்கள். வெட்டுக்கிளியும் புழுவும் அதற்கு இரை. மடையானும் கொக்கும் வரப்பில் வளை தோண்டும் நண்டைப் பிடிக்கின்றன. அலகின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே இடைவெளி உள்ள நத்தைகுத்தி நாரை, பெயருக்கேற்பச் சேற்று நத்தைகளைத் தின்கிறது. கரிச்சான் என்ற இரட்டைவால் குருவி, குருத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப் புழு ஆகியவற்றின் அந்துப்பூச்சிகளைப் பறக்கும்போதே பிடிக்கும். இரவில் கூகை எலி வேட்டையாடும்.

பறவை இருந்தால் பூச்சிமருந்தே வேண்டாம் என்று சொல்வது மிகை. ஆனால் தேவைக்கு முன்பே மருந்தடிப்பதை நிறுத்தலாம். தூர் விடும் பருவத்தில் இலைச்சுருட்டுப் புழுவால் 10 சதவீத இலைகள் சேதமடையும் வரையும், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் 5 சதவீதம் சேதம் வரும் வரையும் மருந்து தேவையில்லை. எலித் தொல்லை உள்ள வயலில் ஏக்கருக்கு 16 முதல் 20 வரை 'டி' வடிவக் குச்சிகளை நட்டால் இரவில் ஆந்தைகள் வந்து அமரும். பால் பிடிக்கும் சமயத்தில் குச்சிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் மணி தின்னும் குருவிகளும் கிளிகளும் அதில் உட்கார்ந்துகொள்ளும். நெல்லில் பரவலாகப் போடப்பட்ட ஃபோரேட் குருணை 2020 முடிவிலிருந்து தடைசெய்யப்பட்டுள்ளது. பழைய மிச்சம் வீட்டில் இருந்தாலும் பயன்படுத்தக்கூடாது. பறவைக்கு விஷம் வைப்பதும் கண்ணி வைப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரியவை.

நஷ்டமும் உண்டு. குளத்தை ஒட்டிய வயல்களில் நீலத் தாழைக்கோழி இளநாற்றைக் கடித்துப் போடும். மீன் குத்தகைக்காரர் கண்ணில் கூழைக்கடாவும் நீர்க்காகமும் பகையாளிகள். இந்தக் குறைகளைச் சொல்லாமல் பறவையை மட்டும் புகழ்ந்தால் விவசாயி நம்பமாட்டார். கரையோர நாற்றங்காலைச் சற்று உள்ளே தள்ளி அமைப்பதும், நட்ட முதல் 2, 3 வாரம் காவல் இருப்பதும்தான் செலவில்லாத வழி.

காப்பகம் என்றால் தண்ணீர் போய்விடுமா?

இது பல ஊர்களில் கேட்கப்படும் கேள்வி. பறவைக்காக ஒதுக்கிவிட்டால் மடை திறக்க விடமாட்டார்கள், தூர் வார விடமாட்டார்கள், நாளைக்கு வயலையே எடுத்துக்கொள்வார்கள் என்ற பயம் இருக்கிறது. பயம் நியாயமானதே; ஆனால் சட்டம் சொல்வது வேறு. பாதுகாப்புக் காப்பகம் என்பது 2002-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் வந்த புதிய வகை. சரணாலயம் வேறு, இது வேறு. அரசுக்குச் சொந்தமான நிலத்தில், உள்ளூர் மக்களைக் கலந்துகொண்ட பிறகே இதை அறிவிக்க முடியும். தனியார் பட்டா வயலை இதில் சேர்ப்பதற்கில்லை. ராம்சார் ஒப்பந்தமும் பாசனத்தையும் மீன்பிடிப்பையும் தடுப்பதல்ல. நீர்நிலை கெடாதபடி பயன்படுத்த வேண்டும் என்பதே அதன் கொள்கை. 2017-ஆம் ஆண்டு நீர்நிலை விதிகள் தடுப்பது ஆக்கிரமிப்பையும், குப்பை கொட்டுவதையும், குளத்தை மேடாக்கி வேறு உபயோகத்துக்கு மாற்றுவதையும்தான். இம்மூன்றையும் விவசாயியே பல காலமாக எதிர்த்து வருகிறார்.

தூர் வாருவதற்குத் துறைகளின் அனுமதி வேண்டும். பிப்ரவரி முடிவில் அணை அடைத்தபின், அடுத்த கன்னிப்பூவுக்குத் தண்ணீர் விடும் வரை உள்ள மாதங்கள் இதற்கு ஏற்றவை. கூடு இருக்கும் மரங்களை மட்டும் விட்டுவிட வேண்டும். எடுக்கும்போது குளத்தைப் பெட்டி போல நாலு பக்கமும் ஒரே ஆழத்துக்குச் செங்குத்தாக வெட்டிவிடக்கூடாது. மடைப் பக்கம் ஆழமும், நீர் வரும் பக்கம் சரிவாக ஆழம் குறைந்த பரப்பும் இருந்தால் நீரும் நிற்கும், உள்ளானும் நாரையும் நிற்கும்.

இத்தகைய காப்பகத்தை நிர்வகிக்க ஒரு குழு அமைக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. வனத்துறை அதிகாரியுடன், காப்பகம் அமைந்த ஒவ்வொரு கிராம ஊராட்சிக்கும் ஒரு பிரதிநிதி, தொண்டு நிறுவனங்களிலிருந்து 3 பேர், வேளாண்மைத்துறை, கால்நடைத்துறை ஆகியவற்றிலிருந்து ஒருவர் வீதம் இதில் இடம்பெற வேண்டும். சட்டம் கிராம ஊராட்சி என்றே சொல்லுவதால், பேரூராட்சி எல்லைக்குள் குளம் உள்ள இடங்களில் விவசாயியின் குரல் விட்டுப்போகக் கூடும். அங்கெல்லாம் பாசன சங்கத்தார் வேளாண்மைத்துறைப் பிரதிநிதி மூலம் தம் குறைகளைக் குழுவுக்கு எழுத்தில் கொடுப்பது அவசியம். அப்போதுதான் பறவை பார்த்து எழுதிய நோட்டு கைகொடுக்கும். "குளம் மேடாகிவிட்டது" என்று வெறுமனே சொல்வதைவிட, "3 வருஷமாக இந்த இடத்தில் மூழ்கும் பறவை இல்லை, கொக்குதான் நிற்கிறது; மடையில் தண்ணீர் இவ்வளவு" என்று தேதியுடன் காட்டுவது மேல்.

ஊரே காவல் நிற்கும் இடங்கள்

இன்னொரு நாள் கிடைத்தால் பக்கத்து மாவட்டமான திருநெல்வேலிக்கும் போய்வரலாம். தாமிரபரணிக் கரையில் உள்ள திருப்புடைமருதூரில் ஊர் மக்களே முன்வந்து கேட்டதன் பேரில், பறவைகள் கூடு கட்டும் கோயிலடி மரங்கள் 2005-ல் பாதுகாப்புக் காப்பகமாயின. நாட்டிலேயே இவ்வகையில் இதுதான் முதலாவது. பரப்பு 3 ஹெக்டேர்கூட இல்லை. நாங்குநேரி தாலுகாவிலுள்ள கூந்தன்குளத்தில் குளம் மட்டுமின்றி, ஊருக்குள் வீட்டுப் பக்கத்து மரங்களிலும் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டுகின்றன. பறவை கலையும் என்று தீபாவளிக்கு அங்கே வெடி வெடிப்பதில்லை. 1994-ல் அரசு சரணாலயமாக அறிவிப்பதற்கு முன்பே ஊர் இந்தக் கட்டுப்பாட்டை வைத்திருந்தது. இமயத்துக்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்துகளும் அங்கே வருகின்றன. பறவை எச்சம் கலந்த நீரும் வண்டலும் பயிருக்கு உரமாகின்றன என்பது ஊரார் கண்ட பலன். வேடந்தாங்கல் விவசாயிகள் இதையே கண்டு, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டு, 1798-லேயே பாதுகாப்பு உத்தரவு பெற்றார்கள். இங்கெல்லாம் போகும்போது பறவையைப் பார்ப்பதோடு, அவ்வூர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, கட்டுப்பாட்டை மீறியவரை ஊர் என்ன செய்தது, மீன் குத்தகையை எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டுவர வேண்டும்.

கீரிப்பாறை, காளிகேசம் பக்கத்து மழைக்காடுகளில் வேறு வகைப் பறவைகள் உண்டு. அங்கே வனத்துறை அனுமதியின்றிக் காட்டுக்குள் போகக்கூடாது. முதல் பயணத்துக்குக் குளமே போதும்.

உள்ளூரில் ஒரே நாளில் பார்ப்பதானால், காலையில் தேரூர் குளத்தில் 2 மணி நேரம், பிறகு வயல் வரப்பு வழியாக நடை, மதியம் சுசீந்திரத்தில் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளலாம். சுசீந்திரம் குளம் நாகர்கோவில்–கன்னியாகுமரி சாலை ஓரத்திலேயே இருக்கிறது. வண்டிகள் வேகமாக வரும் இடமாதலால் பிள்ளைகளைச் சாலையில் நிற்க விடக்கூடாது. 4 மணிக்கு மேல் மணக்குடி. 2004 சுனாமியில் அடிபட்ட கரை அது. காயலில் நீர் வற்றும் நேரமாகப் பார்த்துப் போனால் சேற்றில் உள்ளான்களும், மேலே ஆலாக்களும் தெரியும்; எந்த நேரத்தில் வற்றும் என்பதை அங்குள்ள மீனவர்களைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். திரும்பி வரும் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளவும்.