கற்பவர் கையில் வேலையைக் கொடுப்போம்

கல்லூரி மாணவர்கள் செய்முறைப் பயிற்சிக்காக நம் நெசவாளர் சங்கங்களையும் உழவர்தம் வயல்களையும் நாடி வருகின்றனர். வந்தவரை வரவேற்று, தறிகளையும் தோட்டத்தையும் சுற்றிக் காட்டி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, இறுதியில் சான்றிதழ் வழங்கி விடைகொடுக்கும் வழக்கம் சில இடங்களில் வேரூன்றிவிட்டது. இது நல்ல விருந்தோம்பலாகலாம், பயிற்சியாகாது. இக்குறையை நீக்கும் பொறுப்பில் பெரும்பங்கு சங்கங்களாகிய நம்முடையதே என்பது நம் கருத்து.

கைத்தொழிலின் வழியே கல்வி என்னும் கொள்கை நமக்குப் புதியதன்று. 1937ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் அதனை நாட்டின்முன் வைத்தார். டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு, நூற்பு, நெசவு, வேளாண்மை போன்ற தொழில்களை நடுவாகக் கொண்டு பாடத்திட்டம் வகுத்தது. 1960ஆம் ஆண்டு சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கப்பெற்றது. வேளாண்மைப் பட்டப்படிப்பு மாணவர்கள் கிராமத்தில் தங்கி, உழவரோடு பழகிக் கற்கும் முறையும் இன்று நடைமுறையில் உள்ளது. 2015ஆம் ஆண்டு தொடங்கிய ‘ரெடி’ என்னும் மாணவர் திட்டத்தில் அதுவும் ஓர் அங்கமாயிற்று. ஆயினும் திட்டங்கள் மாணவரை நம் வாயில்வரைதான் கொண்டுவந்து சேர்க்கும். உள்ளே அழைத்து வேலையில் அமர்த்த வேண்டியவர் நாமே.

அவ்வாறு அமர்த்துவதால் என்ன பயன் என்று சிலர் வினவலாம். 40ஆம் நம்பர் நூல் என்றால், ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள் 40 அடங்கும் என்பதை மாணவர் வகுப்பறையிலேயே கற்றுவிடுகிறார். ஆனால் வறண்ட காற்று வீசும் நாளில் அதே நூல் அடிக்கடி அறுவதைத் தறியில் அமர்ந்தே உணர்கிறார். அறுந்த இழையை முடிந்து, அதற்குரிய விழுதுக் கண்ணிலும் அச்சுப் பல்லிலும் கோக்க வேண்டும். இடம் மாறிக் கோத்துவிட்டால், அப்பிழை துணியில் நெடுக ஒரு கோடாக ஓடும். தம் கையால் நெய்த துணியில் அக்கோட்டைக் கண்டவர் பிறகு அதனை மறவார். நாளை அவரே துணியின் தரம் பார்க்கும் அலுவலராகவும் கூடும். அப்பொழுது பிழை எங்கே பிறந்தது என்பதை அறிந்து பேசுவார்.

வயலிலும் இவ்வாறே. மண் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பவர், மேலே கிடக்கும் சருகை அகற்றி, ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, வயலின் 10 முதல் 15 இடங்களில் மண் எடுத்துக் கலக்கவேண்டும். பின்னர் அதனை நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கி நீக்கி, அரைக் கிலோ அளவுக்குக் குறைத்தல் வேண்டும். வரப்போரமும் மரநிழலும் எருக் குவித்த இடமும் விலக்கத்தக்கவை. சென்ற பருவத்தில் எரு எங்கே குவிக்கப்பட்டிருந்தது என்பது மாணவரின் ஏட்டில் இராது. அது உழவருக்கே தெரியும். பரிசோதனை முடிவைப் படித்து உர அளவைக் கணக்கிட மாணவர் துணைநிற்பார். இருவர் அறிவும் சேரும்போதே மண்ணின் உண்மை புலப்படும்.

இனி, பலரும் பேசத் தயங்கும் ஒன்றைப் பேசுவோம். நெசவாளர் நெய்த துணியின் அளவுக்கே கூலி பெறுபவர். கற்பிக்கச் செலவிடும் ஒவ்வொரு மணி நேரமும் அவர்தம் கூலியில் குறைவாகிறது. புதியவர் நெய்யும் முதற்சில கஜங்கள் விற்பனைக்கு ஏற்றவையாக அமைவதும் அரிது. இவ்விழப்பை ஒரு குடும்பத்தின் தலையில் சுமத்திவிட்டு, மாணவரைத் தறியைத் தொடவிடவில்லையே என்று அக்குடும்பத்தையே குறைகூறுவது முறையாகுமா? நன்மையைக் கூட்டாகப் பெறுவோர் இழப்பையும் கூட்டாக ஏற்பதன்றோ கூட்டுறவு?

ஆகவே, பயிற்சிக் காலத்திற்கென ஒரு தறியும் சிறிது நூலும் சங்கமே ஒதுக்கித் தரலாம். கற்பிக்கும் நெசவாளருக்கு அந்நேரத்திற்குரிய கூலியை வழங்க நிர்வாகக் குழு தீர்மானிக்கலாம். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு முழு வேலையைத் தருதல் நன்று: ஒரு துண்டாயினும், தார் சுற்றுவது முதல் மடிப்பது வரை அவரே செய்யட்டும். மாதம் முழுதும் தார் சுற்றவும் மூட்டை தூக்கவும் மட்டும் அவரைப் பயன்படுத்துவதும் தவறே. அவர் நமக்குக் கிடைத்த கூலியில்லா ஆள் அல்லர்.

தறிக்கும் ஏருக்கும் பின்னே வர இளைஞர் இல்லையே என்று வருந்தாத சங்கம் அரிது. அவ்வாறு வருந்தும் நாமே, கற்க விரும்பி வருபவரை வேடிக்கை பார்க்கவைத்துத் திருப்பி அனுப்புதல் பொருந்துமா? அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனையும் ஒரு பொருளாக எடுத்து ஆராயுமாறு உறுப்பினர் அனைவரையும் வேண்டுகிறோம்.