மாங்கொட்டைக்கும் பேட்டரிக்கும் என்ன உறவு, தெரியுமா?

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகள்! ஓசூரில் மின்சார ஸ்கூட்டர் ஆலைகள்! இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்கிறீர்களா? அப்படியானால் இதைப் படியுங்கள்!

★ மாம்பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தோலும் கொட்டையும்தான், தெரியுமா? கூழுக்குப் போகும் பெங்களூரா மாம்பழம் லாரி லாரியாக வந்து இறங்கும் ஊரில் எவ்வளவு கழிவு சேரும், யோசியுங்கள்! உலர்ந்த கொட்டைப் பருப்பில் பாதிக்கு மேல் மாவுச்சத்து, அதையும் சர்க்கரையாக உடைக்கலாம்!

★ கந்தல் துணி சர்க்கரையாகுமா? ஆகும்! 1819-லேயே பிரெஞ்சு வேதியியலாளர் ஹென்றி பிராக்கோனோ, கந்தக அமிலத்தைக் கொண்டு கந்தலிலிருந்து சர்க்கரை எடுத்துக் காட்டிவிட்டார்! மரத்தூள், வைக்கோல், பழத்தோல் எல்லாவற்றிலும் கந்தலில் இருக்கும் அதே செல்லுலோஸ் உண்டு; அவற்றுக்கும் இதே வித்தைதான்!

★ 100 கிராம் செல்லுலோஸ் முழுவதும் உடைந்தால் எவ்வளவு குளுக்கோஸ் கிடைக்கும்? 111 கிராம்! எடை எப்படிக் கூடியது? உடையும்போது தண்ணீரும் சேர்ந்துகொள்கிறதே!

★ சர்க்கரைக்குக் கல்லும் கரையும், தெரியுமா? கர்நாடகத்தின் சண்டூரில் வெட்டியெடுக்கப்படுவது மாங்கனீசுத் தாது. அதிலுள்ள மாங்கனீசு டை ஆக்சைடு, நீர்த்த கந்தக அமிலத்துக்கு அசைந்துகொடுக்காது. கூடவே சர்க்கரையைச் சேர்த்தால்? கரைந்தே போகும்! ஒரே ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு 12 மாங்கனீசு டை ஆக்சைடைக் கரைத்துவிடும்! கணக்குப்படி, 1 கிலோ குளுக்கோசுக்கு 5 கிலோவுக்கும் மேல்! அந்தச் சர்க்கரை கடைசியில் என்னவாகும்? வெறும் கரியமில வாயுவும் தண்ணீரும்!

★ சர்க்கரையைத் தனியாகத் தயாரிக்கவும் வேண்டாம்! மரத்தூளையும் தாதுவையும் ஒரே அமிலத் தொட்டியில் சூடாக்கினாலே போதும். அங்கேயே சர்க்கரை பிறக்கும், அங்கேயே தாது கரையும்!

★ பழைய பேட்டரியும் ஒரு சுரங்கம்தான்! சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மாதவி ஸ்ரீனிவாசன் குழுவினர் 2020-ல் என்ன செய்தார்கள், தெரியுமா? காய்ந்த ஆரஞ்சுத் தோல் பொடியையும் சிட்ரிக் அமிலத்தையும் கொண்டு, பழைய பேட்டரிகளிலிருந்து கோபால்ட், லித்தியம், நிக்கல், மாங்கனீசு ஆகியவற்றில் சுமார் 90% பிரித்தெடுத்தார்கள்! சூட்டில் தோலின் செல்லுலோஸ் சர்க்கரையாக மாறியதுதான் சூட்சுமம்!

★ ஓசூரில் டிவிஎஸ், ஏத்தர்! போச்சம்பள்ளி பக்கம் 500 ஏக்கரில் ஓலா! இன்று ஓடும் ஸ்கூட்டர்களின் பேட்டரிகள் நாளை ஓய்வு பெறும். அப்போது கைகொடுக்க அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாந்தோலும் கொட்டையும் காத்திருக்கின்றன!

கூழ் ஆலைக்காரர்களே, வேதியியல் மாணவர்களே! ஆரஞ்சுத் தோலால் முடிந்தது நம் மாங்கொட்டையால் முடியாதா? அடுத்த மாம்பழப் பருவத்திலேயே சோதித்துப் பாருங்கள்!