நூலகத்துக்கு ஒரு கணினி வந்தால்

அமெரிக்காவின் அட்லாண்டாவில் உள்ள எமரி பல்கலைக்கழகம் 2006இல் நாவலாசிரியர் சல்மான் ருஷ்டியின் ஆவணங்களைப் பெற்றது. கையால் எழுதிய நாட்குறிப்புகளோடு நான்கு ஆப்பிள் கணினிகளும் வந்திறங்கின. அவற்றில் ஒன்று கோக் கொட்டிப் பாழானது. காகிதம் வந்தால் என்ன செய்வதென்று நூலகர்களுக்குத் தெரியும்: தூசி தட்டி, பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, அமிலமில்லாத உறையில் போட்டுப் பட்டியலிடுவார்கள். கணினி வந்தால்?

முதல் வேலை, அதை ஆன் செய்யாமல் இருப்பது. பழைய கணினியை இயக்கினாலே அது சில கோப்புகளைத் தானாக மாற்றி எழுதிவிடும்; தேதிகளும் மாறக்கூடும். ஓர் அத்தியாயம் எப்போது எழுதப்பட்டது என்று ஆராய்பவருக்கு அந்தத் தேதிதான் சாட்சி. அதனால், கைப்பற்றிய லேப்டாப்பை சைபர் குற்றப் பிரிவினர் கையாளும் முறையையே நூலகங்களும் கடன் வாங்கியிருக்கின்றன. ‘ரைட் பிளாக்கர்’ என்றொரு சிறு கருவி உண்டு. படிக்க விடும், எழுத விடாது. அதை இடையில் வைத்து, அழித்த கோப்புகளின் மிச்சம்மீதி உட்பட வட்டு முழுவதையும் அப்படியே படியெடுக்கிறார்கள். இதெல்லாம் இணையத்தோடு சேராத தனிக் கணினியில் நடக்கும்.

அடுத்து ‘செக்சம்’. ஒரு கோப்பைக் கணக்கிட்டு அதற்கென ஓர் எண் எடுப்பது, ஏறக்குறைய விரல்ரேகை மாதிரி. ஷா-256 முறையில் அது 64 எழுத்து நீளம். நாவலில் ஒரு காற்புள்ளி நகர்ந்தாலும் முற்றிலும் வேறு எண் வரும். ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப இதைக் கணக்கிட்டு, முதல் நாள் எண்ணோடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

தமிழுக்கு இதில் தனித் தலைவலி. யூனிகோடு பரவுவதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தோம். பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான் தெரியும். 1990களின் கவிஞர் ஒருவர் ஃபிளாப்பி தந்தால், கோப்பு கெடவில்லை என்று செக்சம் சொல்லும்; உள்ளே இருப்பது கவிதையா கடன் கணக்கா என்று சொல்லாது. எந்த எழுத்துரு என்று வாங்கும்போதே கேட்டு எழுதி வைக்கிற நூலகர் புத்திசாலி.

இவ்வளவுக்கும் பிறகுதான் எதை வைத்துக்கொள்வது என்ற கேள்வி. ருஷ்டியின் கணினிகளில் இருந்தது சுமார் 18 ஜிபி. இன்று ஒரு பென்டிரைவில் அடங்கிவிடும். ஆனால் ஒருவருடைய கணினியில் நாவல் மட்டுமா இருக்கும்? மின்னஞ்சல், முகவரி, வங்கி விவரம், மற்றவர்கள் நம்பி எழுதியவை எல்லாம் இருக்கும். ஆகவே, 2010இல் எமரி வாசகர்களுக்குத் திறந்தது ஒரு பகுதியை மட்டுமே. ருஷ்டியின் பெர்ஃபார்மா 5400 கணினியின் திரையைப் புதுக் கணினிக்குள் உயிர்ப்பித்து, நூலக அறையில் உட்கார்ந்து பார்க்க வைத்தார்கள்.

தேர்வு செய்யாமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. அதே 2010இல் அமெரிக்க காங்கிரஸ் நூலகம், ட்விட்டரில் 2006 முதல் வெளியான பொதுப் பதிவுகள் அத்தனையையும் நன்கொடையாக ஏற்றது. கேட்கப் பிரமாதமாக இருந்தது. பதிவுகள் பெருகின, நீண்டன, படமும் வீடியோவும் சேர்ந்தன. இனி பொறுக்கியெடுத்தே சேமிப்போம் என்று 2017 இறுதியில் நூலகம் அறிவித்தது. அதுவரை சேர்ந்த குவியலோ அப்போதும் வாசகருக்குத் திறக்கப்படவில்லை.

சரி, தேர்ந்தெடுத்து, படியெடுத்து, பத்திரமாக வைத்தாயிற்று. அத்தோடு கவலை தீர்ந்ததா? இல்லை. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை, பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல் ஒன்று முடக்கியது. ஜனவரி வரை வாசகர்களால் நூல் பட்டியலைக்கூடப் பார்க்க முடியவில்லை. என்ன நடந்தது என்று நூலகமே பின்னர் ஒளிவுமறைவில்லாமல் அறிக்கை வெளியிட்டது. மின்சேகரிப்புகளின் பாதுகாப்பான படிகள் இருந்தன என்கிறது அது. அவற்றை மீண்டும் ஏற்றி வைக்கத் தகுந்த கணினிக் கட்டமைப்புதான் இல்லாமல் போயிருந்தது.