கனவுக்கு ஓராண்டு: செலவை யார் ஏற்பது?

நாற்பத்தைந்து வயதில் ஒருவர், "நிலையான வேலையை விட்டுவிட்டு ஓராண்டு நாவல் எழுதப் போகிறேன்" என்று சொன்னால் நண்பர்கள் கைதட்டுவார்கள். சமூக ஊடகத்தில் பாராட்டுகள் குவியும். வீட்டில் மட்டும் பேச்சு வேறு திசையில் போகும். வீவக வீட்டுக் கடனை யார் கட்டுவது? தம்பியின் துணைப்பாட வகுப்புக்கு என்ன வழி? பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் அக்கா பகுதிநேர வேலைக்குப் போக வேண்டியிருக்குமா?

நடுவயதில் வேலையை விடுவது மாணவர்களுக்கு மிகத் தொலைவில் உள்ள விஷயமாகத் தோன்றலாம். ஆனால், அந்த முடிவை எடுக்கும் வயதில் இப்போது இருப்பவர்கள் உங்கள் பெற்றோர், சித்தப்பா, அத்தை, ஆசிரியர்கள். அவர்களில் ஒருவர் அப்படி முடிவெடுத்தால் அதன் தாக்கம் உங்கள் படிப்புச் செலவுவரை வரும். ஆகவே, இத்தகைய ஓராண்டு எப்படிச் சாத்தியமாகிறது, எப்போது தடுமாறுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது உங்களுக்கும் பயன்படும்.

வேலையை விட்டுக் கலைக்குப் போனவர்களின் கதைகளில் துணிச்சல் பெரிதாகப் பேசப்படுகிறது. அந்த ஆண்டுக்கான பணம் எங்கிருந்து வந்தது என்பது பெரும்பாலும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. அந்த வரிகளைச் சற்று விரித்துப் பார்க்கலாம்.

நண்பர்கள் தந்த ஓராண்டு

'டு கில் எ மாக்கிங்பர்ட்' நாவலை இலக்கியப் பாடத்தில் படித்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். அதை எழுதிய ஹார்ப்பர் லீ, 1950களில் நியூயார்க்கில் விமான நிறுவனத்தில் பயணச்சீட்டு முன்பதிவு ஊழியராக வேலை பார்த்தார். எழுதுவதற்கு வேலை நேரம் போக மிஞ்சிய பொழுதுதான் இருந்தது.

1956ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் அன்று, அவருடைய நண்பர்களான மைக்கல் பிரவுன், ஜாய் பிரவுன் தம்பதியர் அவருக்கு ஓராண்டுச் சம்பளத்துக்கு ஈடான தொகையைப் பரிசாகத் தந்தனர். வேலையை விட்டுவிட்டு விரும்பியதை எழுதும்படி கூறினர். பாடலாசிரியரான மைக்கலுக்கு அந்த ஆண்டு நல்ல வருமானம் கிடைத்திருந்தது. அப்போது லீக்கு வயது 30. நடுவயது என்று சொல்ல முடியாது. என்றாலும், ஓராண்டு விடுப்பு பற்றிய பேச்சில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் கதை இது.

இக்கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இரண்டு செய்திகள் உள்ளன. அந்தப் பரிசு கிடைப்பதற்கு முன்பே லீ தம் சிறுகதைகளை ஓர் இலக்கிய முகவரிடம் கொடுத்திருந்தார். வெறுங்கையோடு அவர் அந்த ஆண்டைத் தொடங்கவில்லை. அடுத்தது, நாவல் ஓராண்டில் முடியவில்லை. 1957ல் பதிப்பகம் ஏற்றுக்கொண்ட கைப்பிரதியைப் பதிப்பாசிரியர் டே ஹோஹாஃபின் வழிகாட்டுதலில் அவர் மீண்டும் மீண்டும் திருத்தி எழுதினார். நூல் வெளிவந்தது 1960 ஜூலையில். மறு ஆண்டு அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஓராண்டு என்று தொடங்கியது மூன்றரை ஆண்டுகளாக நீண்டது.

ஐம்பதில் எடுத்த முடிவு

நம் ஊர் எடுத்துக்காட்டு எழுத்தாளர் கேத்தரின் லிம். 1942ல் மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள கூலிமில் பிறந்தவர். சிங்கப்பூரில் ஆசிரியராகவும், பாடத்திட்ட மேம்பாட்டுத் துறையிலும், பின்னர் விரிவுரையாளராகவும் பணிபுரிந்தார். 1992ல், ஐம்பது வயதில், அந்தப் பணிவாழ்க்கையை விட்டு முழுநேர எழுத்தாளரானார்.

அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பான 'லிட்டில் ஐரனிஸ்' வெளிவந்தது 1978ல். முதல் நாவலான 'த சர்பண்ட்ஸ் டூத்' வெளிவந்தது 1982ல். அதாவது, வேலையை விடுவதற்கு முன்பே பதினான்கு ஆண்டுகள் நூலாசிரியராக இருந்திருக்கிறார். அவருக்கு வாசகர்கள் இருந்தார்கள். தம்மால் ஒரு நூலை எழுதி முடிக்க முடியும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்படியிருந்தும் பாதை எளிதாக அமைந்துவிடவில்லை. 1995ல் 'த பாண்ட்மெய்ட்' நாவலை அவர் தாமே பதிப்பித்து வெளியிட்டார். பின்னரே அது வெளிநாட்டுப் பதிப்பாகவும் வந்தது. பெயர் பெற்ற எழுத்தாளருக்கே இந்த நிலை என்றால், முதல் நூலை எழுதத் தொடங்குபவர் ஓராண்டு முடிவில் கையில் விற்பனைக்கு ஒரு நூல் இருக்கும் என்று நம்பிக் கணக்குப் போடக்கூடாது.

குடும்பம் கொடுத்த விலை

பிரெஞ்சு ஓவியர் பால் கோகேனின் வாழ்க்கை இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அவர் பாரிஸ் பங்குச்சந்தைத் தரகு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். நல்ல சம்பளம். ஓய்வு நேரத்தில் ஓவியம் தீட்டினார். 1879 முதல் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் கண்காட்சிகளிலும் பங்கேற்றார். 1882ல் பாரிஸ் பங்குச்சந்தை சரிந்தது. 1883ல், 35 வயதில், அவர் முழுநேர ஓவியரானார். அந்த ஆண்டின் முடிவில் அவருக்கு ஐந்து பிள்ளைகள்.

சேமிப்பு விரைவில் கரைந்தது. குடும்பம் அவருடைய மனைவி மெட்டேயின் ஊரான கோப்பன்ஹேகனுக்குச் சென்றது. அங்கே கோகேன் தார்ப்பாய் விற்க முயன்று தோற்றார். மெட்டே பிரெஞ்சு மொழி கற்றுக்கொடுத்தும் மொழிபெயர்ப்பு செய்தும் குடும்பத்தை நடத்தினார். 1885ல் கோகேன் பாரிஸ் திரும்பினார். குடும்பம் மீண்டும் ஒன்றாக வாழவில்லை.

இன்று உலகின் பெரிய அரும்பொருளகங்களில் அவருடைய ஓவியங்கள் தொங்குகின்றன. அதனால் அவருடைய முடிவு சரியானது என்று சொல்லிவிடத் தோன்றும். மெட்டேயிடமோ ஐந்து பிள்ளைகளிடமோ கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கலாம். ஒருவருடைய கனவுக்கான கட்டணத்தை, கேட்காமலே வேறு ஒருவர் பெயரில் எழுதிவைப்பது நடக்கக்கூடியது என்பதற்கு இக்குடும்பம் சாட்சி.

கண்ணுக்குத் தெரியாத இழப்பு

இப்போது சிங்கப்பூர்க் கணக்குக்கு வருவோம். மாதம் 5,000 வெள்ளி சம்பளம் வாங்கும், 55 வயதுக்கு உட்பட்ட ஊழியரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஓராண்டு வேலையை விட்டால் எவ்வளவு இழப்பார்? உடனே 60,000 வெள்ளி என்று சொல்லத் தோன்றும்.

மத்திய சேமநிதியைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு மாறும். சம்பளத்தில் 20 விழுக்காடு, அதாவது 1,000 வெள்ளி, ஊழியரின் பங்காக மசே நிதிக்குப் போகிறது. கைக்கு வருவது 4,000 வெள்ளி. முதலாளி தம் பங்காக 17 விழுக்காடு, அதாவது 850 வெள்ளி, கூடுதலாகச் செலுத்துகிறார். ஆக, மாதந்தோறும் மசே நிதிக்கு வருவது 1,850 வெள்ளி. ஓராண்டில் கைச்சம்பள இழப்பு 48,000 வெள்ளி. மசே நிதி இழப்பு 22,200 வெள்ளி. மொத்தம் 70,200 வெள்ளி. ஆண்டிறுதி போனஸ் இதில் சேராது.

பல குடும்பங்கள் வீட்டுக் கடனை மசே நிதியின் சாதாரணக் கணக்கிலிருந்துதான் கட்டுகின்றன. புதிய சந்தா வராவிட்டால் அந்தக் கணக்கில் இருக்கும் இருப்பு குறையத் தொடங்கும். இருப்பு போதாவிட்டால் ரொக்கமாகக் கட்ட வேண்டும். வருமான வரியும் உண்டு. இங்கு ஓர் ஆண்டின் வருமானத்துக்கான வரி அடுத்த ஆண்டில் கணக்கிடப்படுகிறது. ஆகவே, சம்பளம் நின்றுபோன ஆண்டில்தான், சம்பளம் வந்த ஆண்டுக்கான வரிக் கடிதம் வீட்டுக்கு வரும்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் கனவை மூட்டை கட்டிவிட வேண்டியதில்லை. எவ்வளவு சேமித்தால் போதும் என்பதை இதுவே சொல்கிறது. ஓராண்டுக்கான குடும்பச் செலவு, வரி, காப்புறுதிச் சந்தா, மீண்டும் வேலை தேடுவதற்கான சில மாதங்கள் ஆகிய அனைத்தையும் ஒரு தாளில் எழுதினால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணைச் சேர்க்க ஐந்தாண்டு ஆகலாம், பத்தாண்டும் ஆகலாம். வேலையை விடுவதற்கு முன், சம்பளமில்லா விடுப்புக்கு நிறுவனம் சம்மதிக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். கலைப் படைப்புகளுக்குத் தேசிய கலை மன்றம் மானியங்கள் வழங்குகிறது. அவற்றுக்குத் தகுதி உண்டா என்று விசாரிக்கலாம்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி

பணம் சேர்ந்துவிட்டது. வேலையும் விட்டாயிற்று. முதல் திங்கட்கிழமை காலை என்ன செய்வது?

ஆஸ்திரியாவில் பிறந்து நியூயார்க்கில் வடிவமைப்புக்கூடம் நடத்தும் ஸ்டீஃபன் சாக்மைஸ்டர், ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை தம் கூடத்தை ஓராண்டு மூடிவிடும் வழக்கத்தைத் தொடங்கியவர். நாம் ஏறத்தாழ 25 ஆண்டு படிக்கிறோம், 40 ஆண்டு உழைக்கிறோம், அதன்பின் 15 ஆண்டு ஓய்வில் இருக்கிறோம். அந்த ஓய்வில் ஐந்து ஆண்டுகளைப் பிரித்து, உழைக்கும் ஆண்டுகளுக்கு இடையே வைத்தால் என்ன என்பது அவருடைய யோசனை.

முதல் விடுப்பு ஆண்டை அவர் திட்டம் ஏதுமின்றித் தொடங்கினார். நேரம் கிடைத்தால் சிந்தனை தானாக ஊறும் என்று நம்பினார். நடந்ததோ வேறு. வந்து சேர்ந்த சின்னச் சின்னக் கோரிக்கைகளே நாள்களை விழுங்கின. பின்னர் அவர், தமக்கு விருப்பமானவற்றைப் பட்டியலிட்டு, முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தி, பள்ளிப் பிள்ளை போல ஒரு கால அட்டவணை போட்டுக்கொண்டார். அதன்பிறகே வேலை ஓடியது. அவர் சொந்தக் கூடம் வைத்திருந்தவர். மாதச் சம்பளக்காரருக்கு அந்த வசதி இல்லை. ஆனால், அட்டவணைப் பாடம் எல்லாருக்கும் பொருந்தும்.

ஜூன், டிசம்பர் விடுமுறைகளில் "இந்த முறை கிட்டார் கற்றுக்கொள்வேன்" என்று தொடங்கி, கடைசி வாரத்தில் வீட்டுப்பாடத்தை அள்ளி முடித்த அனுபவம் உள்ள மாணவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

விடாமலும் செய்யலாம்

சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தைப் பார்த்தால் வேறொரு பாதையும் தெரிகிறது. கலாசாரப் பதக்கம் பெற்ற இராம கண்ணபிரான் ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே சிறுகதைகள் எழுதினார். நா. கோவிந்தசாமி விரிவுரையாளராக இருந்தபடியே கதைகளும் எழுதினார். இணையத்தில் தமிழ் இடம்பெறுவதற்கு முன்னோடியாக உழைத்து, 'கணியன்' என்னும் தமிழ்க் கணினி முறையையும் உருவாக்கினார். தமிழில் எழுதி வாழ்க்கை நடத்துவது இங்கு கடினம். அதனால் நம் எழுத்தாளர்களில் பலர் இரவுகளையும் வார இறுதிகளையும்தான் தங்கள் விடுப்பு ஆண்டாகப் பயன்படுத்தினர்.

வீட்டில் இந்தப் பேச்சு எழுந்தால்

அம்மாவோ அப்பாவோ ஒருநாள் இப்படி ஒரு விருப்பத்தைச் சொன்னால், அது உங்கள் எதிர்காலத்துக்கு வந்த ஆபத்து என்று பதறவும் வேண்டாம், கணக்குப் பார்க்காமல் கைதட்டவும் வேண்டாம். சேமிப்பு எத்தனை மாதத்துக்குத் தாங்கும்? என் படிப்புச் செலவு அதில் சேர்ந்திருக்கிறதா? ஓராண்டுக்குப் பிறகு திரும்ப என்ன வழி? இதுவரை எவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், வரைந்திருக்கிறீர்கள்? இவற்றை மரியாதையோடு கேட்கலாம். பிள்ளைகள் இப்படிக் கேட்பது தங்கள் கனவை அவர்கள் மதிப்பதால்தான் என்று பெற்றோருக்குப் புரியும். இருபது ஆண்டுகளாக உங்களுக்காகத் தள்ளிப்போட்ட ஆசையாகவும் அது இருக்கலாம். பதிலுக்கு உங்களால் எதைக் குறைத்துக்கொள்ள முடியும் என்றும் சொல்லுங்கள்.

உங்கள் சொந்தக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. வாரம் 40 மணி நேரம் வீதம் முழுநேரமாக ஓராண்டு உழைத்தால் அது 2,080 மணி நேரம். வாரம் இரண்டு மணி நேரம் மட்டும் ஒதுக்கினால் ஓராண்டில் 104 மணி நேரம். இருபது ஆண்டுகளில் அதே 2,080. ஒரு சனிக்கிழமை காலையை அதற்கென வைத்துக்கொண்டால் போதும். பதினெட்டு வயதில் தொடங்குபவர் முப்பத்தெட்டை எட்டும்போது, எந்த வேலையையும் விடாமல், எவரிடமும் கடன் வாங்காமல், ஒரு முழு ஆண்டைத் தம் கலைக்குக் கொடுத்து முடித்திருப்பார். அதற்குப் பிறகும் வேலையை விட்டு ஓராண்டு வேண்டும் என்று தோன்றினால், அந்த ஆண்டில் என்ன செய்யப் போகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.