ஓடை நீர் புளித்தால் பறவைக்கு என்ன?

நீலகிரியின் சோலை ஓடைகளின் ஓரத்தில், யாரோ ஒருவர் சீட்டியடித்துக்கொண்டு போவது போன்ற ஓசையைக் கேட்டிருக்கிறீர்களா? அது சீகாரப் பூங்குருவியின் பாட்டு. ஓடைக் கற்களுக்கிடையே நத்தை, நண்டு, பூச்சி, தவளை ஆகியவற்றைத் தேடித் தின்னும் பறவை அது. அந்த ஓடை நீரில் அமிலம் மிகுந்தால் பறவைக்கு என்ன நேரும்? நீர் அதன் இறகைச் சுடாது, தொண்டையை எரிக்காது. கேடு உணவின் வழியாக வந்து சேரும். எப்படி என்று பார்ப்போம்.

அமிலத்தை அளப்பது எப்படி?

நீரின் அமிலத்தன்மையைப் பி.எச். என்னும் எண்ணால் குறிக்கிறோம். 7 என்றால் நடுநிலை. எண் குறையக் குறைய அமிலம் கூடும். எண் ஒன்று குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடியது என்று பொருள். காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால், தூய மழைநீரின் பி.எச். கூட ஏறத்தாழ 5.6 தான்.

முதலில் மறைவது யார்?

நத்தையின் ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அமிலம் அதைக் கரைக்கும். பி.எச். 6க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான நத்தைகளும் சிப்பிகளும் பிழைப்பது அரிது. 5.5 அளவில் மேஃபிளை என்னும் பூச்சியின் இளம்புழுக்கள் மறைகின்றன. 5 அளவில் பல மீன்களின் முட்டைகள் பொரிப்பதில்லை. போதாக்குறைக்கு, மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வந்து மீன்களின் செவுள்களைக் கெடுக்கிறது.

பறவையின் முட்டை ஓடும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டே. அதற்கான கால்சியத்தைத் தாய்ப்பறவை உணவிலிருந்துதான் பெறவேண்டும். நத்தை குறைந்தால் முட்டை ஓட்டுக்கும் பஞ்சம்!

வேல்ஸ் தரும் பாடம்

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் டிப்பர் என்றொரு சிறு பறவை உண்டு. ஓடைக்குள் மூழ்கி இரை தேடுவது அதன் வழக்கம். 1980-களில் ஸ்டீவ் ஆர்மரொட், ஸ்டெஃபனி டைலர் ஆகியோர் அதை ஆராய்ந்தனர். அமில ஓடைகளில் டிப்பர்கள் குறைவாக இருந்தன. காலம் தாழ்த்தி முட்டையிட்டன. முட்டைகளின் ஓடும் மெல்லியதாக இருந்தது.

எல்லாப் பறவைகளுக்கும் இதே கதியா? இல்லை. சுவீடனில் மீனற்ற அமில ஏரிகளைக் கோல்டன்ஐ என்னும் வாத்து விரும்பி நாடியது. போட்டிக்கு மீன் இல்லாததால் பூச்சிகள் அதற்கு மிஞ்சின. ஆனால் மீனையே நம்பிய பறவைக்கு அங்கே பட்டினிதான்.

நம் மலையில்

நீலகிரியில் சுண்ணாம்புப் பாறை இல்லை. இங்கே இருப்பது சார்னோக்கைட் என்னும் கடினப் பாறை. சுண்ணாம்புப் பாறையைப் போல நீரின் அமிலத்தை அது எளிதில் தணிக்காது. மண்ணும் இயல்பாகவே அமில மண். குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலை செழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தேயிலைக்கு ஏற்ற மண்ணின் பி.எச். 4.5 முதல் 5.5 வரை.

அதில் அம்மோனியம் சல்பேட் உரத்தை ஆண்டுதோறும் இட்டால், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை மாற்றும்போது அமிலம் இன்னும் கூடும். அதனால்தான் தோட்டங்களில் மண்ணைச் சோதித்து டோலமைட் தூவுகிறார்கள். இது தேயிலைக்காகச் செய்யும் வேலை. ஆனால் சரிவில் பெய்யும் மழை முடிவில் ஓடைக்குத்தானே வரும்? உரத்தை அளவோடு இடுவதும், ஓடைக்கரையில் புல்லையும் சோலை மரங்களையும் விட்டுவைப்பதும் நத்தைக்கும் நன்மை, பூங்குருவிக்கும் நன்மை.

செய்து பாருங்கள்

உதகைச் சந்தையில் கிடைக்கும் ஊதா முட்டைக்கோஸை நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டுங்கள். அந்த ஊதாச் சாற்றில் எலுமிச்சைச் சாறு விட்டால் சிவக்கும். சோப்பு நீர் விட்டால் நீலமாகவோ பச்சையாகவோ மாறும். மற்றொரு கிண்ணத்தில் முட்டை ஓட்டின் மேல் வினிகர் ஊற்றுங்கள். குமிழிகள் கிளம்பும், மறுநாள் ஓடு மெலிந்திருக்கும். ஓடை நீர் வினிகரைவிடப் பன்மடங்கு மென்மையானது. ஆயினும் நத்தை அதற்குள் ஒரு நாளா இருக்கிறது? வாழ்நாள் முழுவதும் அல்லவா!