மலை தாண்டி வரும் காற்று

ஆனி, ஆடியில் ராஜபாளையத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலை முகட்டில் கருமேகம் கவிந்து கிடக்கும். கிழக்கே ஆலங்குளத்தின் கரிசல் காட்டிலோ புழுதி பறக்கும். இரண்டுக்கும் காரணம் ஒரே காற்றுதான்.

அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறுகிறது. உயரம் கூடக் கூட அழுத்தம் குறைவதால் காற்று விரிந்து குளிர்கிறது. மேகம் உருவாகும்வரை கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி குறையும். நீராவி துளியாகும்போது வெப்பத்தை வெளிவிடுவதால், அதன்பின் சுமார் 6 டிகிரிதான் குறையும். மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்கும் காற்று, அழுத்தம் கூடி மறுபடி கிலோமீட்டருக்கு 10 டிகிரி வீதம் சூடேறும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேரளத்தில் 28 டிகிரியில் புறப்படும் காற்று, 500 மீட்டரில் மேகமாகி, 1,500 மீட்டர் உயர முகட்டை அடையும்போது 17 டிகிரியாகிறது. அதே அளவு கீழிறங்கினால் 32 டிகிரி! வெப்பம் 4 டிகிரி கூடுகிறது, ஈரமோ போய்விடுகிறது.

ஆல்ப்ஸ் மலையின் பள்ளத்தாக்குக் கிராமங்களுக்கும் இந்தக் காற்று பழக்கமானதே. அங்கே அதன் பெயர் 'ஃபோன்'. குளிர்காலத்தில் வீசினால் சில மணி நேரத்திலேயே பனியை உருக்கத் தொடங்கிவிடும். 1861-இல் ஸ்விட்சர்லாந்தின் கிளாரஸ் நகரில் பிடித்த தீ, ஃபோன் காற்று வீசியதால் ஊரின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கியது.

கேரளம் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெறுகிறது. மலைக்கு இந்தப் பக்கம் விருதுநகர் மாவட்டத்துக்குக் கிடைப்பது சுமார் 800 மட்டுமே. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாக வருவது.

ஆனாலும் மலை நம்மைக் கைவிட்டுவிடவில்லை. முகட்டுக் காடுகள் மழையை மண்ணுக்குள் இறக்கி, ஓடைகளில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. ராஜபாளையத்தின் குடிநீர் அய்யனார் கோயில் பக்கத்து மலையோடைகளை நம்பியிருக்கிறது. நரை அணில் வாழும் இந்தக் காடுகள், 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் அடங்குகின்றன.

காற்றின் கணக்கை நம்மால் மாற்ற முடியாது. மேலே காட்டைக் காப்பதும், கீழே கண்மாயையும் வரத்துக்கால்களையும் ஆக்கிரமிப்பின்றித் தூர்வாரி வைப்பதும் நம் கையில் இருக்கின்றன. ஐப்பசி மழைக்கு முன்பே அந்த வேலையை முடித்துவிட வேண்டும்.